விருந்தாளிக்கு ஊற்றிய தண்ணீர்

அண்ணியின் வாய்க்கு எங்கள் மேட்டுத் தெருவே பயப்படும். வீட்டில் தையல் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கிறார். அளவெடுக்கும்போதே பிள்ளையையும் பெற்றவரையும் சேர்த்து ஒரு பிடி பிடித்துவிடுவார். கொழுந்தன் என்னை மட்டும் விடுவாரா? ஆனாலும் காலையில் குழாயைத் திறக்கும்போதெல்லாம் அண்ணியைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அப்போது தெருவில் குழாய் கிடையாது. அடிவாரத்தில் இருந்த பொதுக்குழாயில் பிடித்து, குடத்தைச் சுமந்து மேடு ஏற வேண்டும். அண்ணிக்கு முதல் கரு அந்த ஏற்றத்தில்தான் கலைந்தது. மறுபடி வயிறு தெரிய ஆரம்பித்த சமயம், வெளிநாட்டு உதவியில் குழாய் போடப்போவதாகச் செய்தி வந்தது. எல்லாத் தெருவுக்கும் பணம் போதாதாம். தட்டுப்பாடு அதிகமுள்ள தெருவுக்குத்தான் முதலில். பார்த்து முடிவு செய்ய அந்த நாட்டு அம்மா ஒருவர் வருகிறார் என்றார்கள்.

"வர்றவங்க முன்னாடி நம்ம மானம் போயிடக் கூடாது" என்று அண்ணி உத்தரவு போட்டார். குளிக்காமல் கொள்ளாமல் தண்ணீர் சேர்த்தோம். வாசல்களைக் கழுவிவிட்டோம். வந்தவர் நல்ல உயரம்; நெட்டையம்மா என்று அப்போதே பெயர் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வீடு பெரிய டம்ளரில் தண்ணீர் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் முகம் கழுவ ஒரு வாளியே வைத்தார் அண்ணி. கழுவிக்கொண்ட நெட்டையம்மா சிரித்தபடி ஏதோ சொல்ல, கூட வந்த மொழிபெயர்ப்பாளர் எங்களிடம் திரும்பினார்.

"இங்க தண்ணிக்குக் கஷ்டமே இல்ல போலிருக்கு, சந்தோஷம்னு சொல்றாங்க. அடுத்த தெருவுக்குக் கிளம்பறாங்க."

அண்ணிக்கு முகம் வெளிறிவிட்டது. நல்ல பேர் வாங்கப் போய்க் குழாயைக் கோட்டைவிட இருந்தோம். சட்டென்று நெட்டையம்மாவின் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப்போனார். குடங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு விழவில்லை.

"சொல்லுங்க சார் அவங்ககிட்ட. இப்ப மூஞ்சி கழுவினது எங்க வீட்டுக்காரரும் தம்பியும் குளிக்க வேண்டிய தண்ணி. குடிச்சது சோறாக்க வச்சிருந்தது. வீடு தேடி வந்தவங்களுக்கு இல்லைன்னு சொல்ல வாய் வரல. அதுக்காக எங்களுக்குத் தேவை இல்லைன்னு முடிவு பண்ணிடாதீங்க." வயிற்றைத் தொட்டுக்கொண்டார். "இதையும் அந்த மேட்டுல விட்டுட்டு வர என்னால முடியாது."

அதைக் கேட்ட நெட்டையம்மா காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்கினார். நிரப்பி ஏறி வந்தபோது பாதித் தண்ணீர் அவர் உடையில்தான் இருந்தது. மூச்சு வாங்க எங்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அண்ணிக்கு மாதம் நிறைவதற்குள் குழாய் வந்துவிட்டது. எங்கேயோ முகம் தெரியாதவர்கள் கட்டிய வரிப்பணமாம். அவர்கள் குடும்பத்தோடு நன்றாக இருக்க வேண்டும். அன்று வயிற்றிலிருந்த என் அண்ணன் மகள், இன்று குழாயை மூட மறந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறாள்.

குழாய் திறந்த அன்று நெட்டையம்மாவும் வந்திருந்தார். அண்ணி பெரிய டம்ளரில் பிடித்து நீட்டினார். அவர் ஒரே ஒரு வாய் குடித்துவிட்டு, மீதியைச் சிந்தாமல் திருப்பிக் கொடுத்தார்.

அண்ணி வாங்கவில்லை. கொட்டிக்கொண்டிருந்த குழாயைக் காட்டினார்.

"முழுசாக் குடிங்கம்மா. இது யாரும் குளிக்கறதுக்கு எடுத்து வச்ச தண்ணி இல்ல."

மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறப்பதற்குள், நெட்டையம்மா டம்ளரைக் காலி செய்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று நீட்டினார்.