லேசில் பாஸ் போடாத ஏகாம்பரம்

காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தபோது ஏகாம்பரண்ணன் மகள் செல்வியின் போன் வந்தது. "அத்தை, அப்பா தவறிட்டாரு" என்றாள். எனக்கு உடனே அழுகை வரவில்லை. "யாரு சொன்னா? டாக்டர் பார்த்தாரா?" என்றுதான் கேட்டேன். அழுதுகொண்டிருந்தவள் நடுவில் சிரித்துவிட்டாள். இப்படிக் கேட்க நான் யாரிடம் கற்றுக்கொண்டேன் என்று அவளுக்குத் தெரியும். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம்.

சேரப்பணஞ்சேரி ஏகாம்பரத்தை எங்கள் கம்பெனியில் தெரியாதவர் கிடையாது. நெடுஞ்சாலை ஓரத்தில், சுங்குவார்சத்திரத்துக்கு முன்னால், வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்த கம்பெனி அது. லைனில் இருந்து வரும் சாமானைச் சோதித்து பாஸ் அல்லது ரிஜெக்ட் என்று முடிவு சொல்லும் இன்ஸ்பெக்டர் அவர். நான் ஸ்டோர்ஸில் இருந்தேன். அவர் பாஸ் போடாத பெட்டி என் பக்கம் நகராது. வேலையை விட்டு வெளியே வந்தாலும் அவருக்குச் சோதனை ஓயாது. பஸ்ஸின் பலகையில் ஊர்ப்பெயர் எழுதியிருக்கும். கண்டக்டரைக் கேட்பார், போதாதென்று டிரைவரையும் கேட்பார். கல்யாண விருந்தில் பாயசத்தை மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். கேலி செய்தால், "நம்புறதுக்கு இன்னாம்மா அவசரம், நாளைக்கு நம்பிக்கலாம்" என்பார்.

1991 தொடக்கத்தில் அவருக்கு ஒரு பக்கக் காது அடைத்துக்கொண்டது. காலையில் காறித் துப்பினால் ரத்தம் கலந்து வந்தது. ஒரு டாக்டர் சைனஸ் என்று மூக்குக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். ஏகாம்பரண்ணன் அதை நம்பாமல் இன்னொருவரிடம் போனார். அவரும் அதையே சொன்னார். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு சொல்கிறார்கள் என்று இவருக்குச் சந்தேகம். தாடைக்குக் கீழே கட்டி தட்டுப்பட்டதும் மூன்றாமவரிடம் போனார். அவர் ஒரு சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு நிமிர்த்திப் பார்த்தார். பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டு, சென்னைக்கு உடனே போகச் சொன்னார். மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேல்பாகத்தில் புற்றுநோய். இவருடைய சந்தேகப் புத்தியைத் திட்டித் தீர்த்த எனக்கு, அன்று முதல்முறையாக அந்தப் புத்தியைக் கும்பிடத் தோன்றியது.

ஆனால் அதே புத்தி சிகிச்சையையும் விட்டுவைக்கவில்லை. கதிர்வீச்சு கொடுப்பதற்கு முன்பு கெட்டுப்போன பற்களை எடுக்க வேண்டும் என்றார்கள். "நோவு தொண்டையில. பல்ல எதுக்குப் புடுங்குறான்?" என்று சண்டைக்கு நின்றார். எச்சில் வற்றிவிடும், பிறகு பல் சொத்தையானால் தாடை எலும்பு ஆறாது என்று விளக்கிய பிறகுதான் வாயைத் திறந்தார். கழுத்தில் மையால் கோடு போட்டு, அதில் தண்ணீர் படக் கூடாது என்று அனுப்பினார்கள். மெஷினுக்கு அடியில் படுக்க வைத்தபோது சுடவில்லை, வலிக்கவில்லை. "சும்மா படுக்க வெச்சி எழுப்பி வுடுறானுங்க. மெஷின் ரிப்பேரா கீதுன்னு நெனக்கிறேன்" என்று என்னிடம் சொன்னார். சில வாரத்தில் வாயெல்லாம் வெந்து, கஞ்சி கூட இறங்காமல் போனது. அப்போதுதான் மெஷினுக்குப் பாஸ் போட்டார்.

அந்தக் கோடையில் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது நாட்டுக்கே தெரியும். அதற்குப் பிறகு எங்கள் சாலையில் போலீஸ்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி, ஒவ்வொரு முகமாக உற்றுப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரையே ஒரு மாதிரியாகப் பார்த்த காலம் அது. இவர் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மூக்கால் பேசிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பினால் விடுவார்களா? இறக்கித் துண்டை எடுக்கச் சொன்னார்கள். கோடுகளைப் பார்த்ததும் இன்னும் நாலு பேர் கூடிவிட்டார்கள். ஆஸ்பத்திரி அட்டையைக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். நானாக இருந்தால் தப்பித்தோம் என்று பஸ் ஏறியிருப்பேன். இவர் நின்று, மப்டியில் இருந்தவரிடம், "நீங்க போலீஸ்தான்றதுக்கு அட்ட கீதா சார்?" என்று கேட்டாராம். கூட இருந்த அவர் மனைவி கஸ்தூரி அண்ணி இதை என்னிடம் சொல்லும்போது தலையில் அடித்துக்கொண்டார்.

அண்ணி பட்ட பாட்டைச் சொல்லாவிட்டால் எனக்கே ஆறாது. இவருக்கு நாக்கில் ருசி செத்துப்போயிருந்தது. அண்ணி வேண்டுமென்றே உப்புப் போடாமல் சமைக்கிறாள் என்று சந்தேகப்பட்டார். எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் குழம்பை ருசி பார்க்கச் சொன்னார். அவள் உப்பு தூக்கலாக இருக்கிறது என்றாள். அன்று அண்ணி என்னிடம் வந்து அழுததைப் பார்த்து, இந்த மனிதரை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று போனேன். எலும்பும் தோலுமாகக் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். கேட்க வந்ததை விட்டுவிட்டு, அண்ணிக்குப் பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

கட்டி கரைந்தது. வருஷக் கடைசியில் வேலைக்கு வந்தார். அங்கேதான் பெரிய வம்பு காத்திருந்தது.

லைன் பக்கத்தில் ஓர் எவர்சில்வர் டிரம்மும் எல்லோருக்கும் பொதுவாக ஒரு டம்ளரும் இருந்தன. நம் வழக்கம்தான் தெரியுமே, உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்ள வேண்டும். வந்த அன்று இவரும் அண்ணாந்தார். தண்ணீர் புரையேறி மூக்கு வழியாக வந்துவிட்டது. தொண்டை பழையபடி வேலை செய்யவில்லை. இனி வாய் வைத்து உறிஞ்சினால்தான் இறங்கும். அப்படிக் குடித்ததை யாரோ பார்த்துவிட்டார்கள். ஒட்டுவாரொட்டி, நமக்கும் தொற்றிக்கொள்ளும் என்று கிசுகிசுப்பு கிளம்பியது. முகத்துக்கு நேரே ஒருவரும் சொல்லவில்லை. ஒருவர் வெந்நீர்தான் குடிக்கிறேன் என்று வீட்டுப் பாட்டிலோடு வந்தார். இன்னொருவருக்குத் திடீரென்று ஜலதோஷம். "டம்ளர் காஞ்சி கெடக்குது சரோஜா, ஒருத்தனும் தொடல" என்றார் அண்ணன். அவர் கண்ணில் இருந்து இது தப்புமா?

அன்றிலிருந்து கம்பெனியில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். வாயை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். இவர் ஷிஃப்ட் முழுக்க வறண்டு கிடந்தார். நாக்கு வெடித்தது, மதியச் சோறு இறங்காமல் நாய்க்குப் போனது. வேலையை விடப்போகிறார் என்று அண்ணி பயந்தார். வீட்டிலிருந்து தனி டம்ளர் கொண்டுவாருங்கள் என்று நான் சொன்னேன். "தனி டம்ளர் கொணாந்தா அவனுங்க நெனச்சது சரின்னு ஆயிடும்மா" என்றார். அவர்கள்மேல் வந்த ஆத்திரத்தில், அந்த வாரம் கையுறை கேட்டு வந்தவர்களையெல்லாம் காக்க வைத்தேன்.

அடுத்த வாரம் ஒருநாள் டீ நேரத்தில் அவர் டிரம்முக்கு முன்னால் போய் நின்றார். அடைத்த குரலில்தான் பேசினார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"சந்தேகப்படுங்க, தப்பில்ல. நானும் படுறவன்தான். ஆனா சோதிக்காம எதையும் நான் ரிஜெக்ட் பண்ணதில்ல. எங்கூட்டுக்கு வாங்க. என் பொஞ்சாதியும் பொண்ணும் எதுல குடிக்கிறாங்கன்னு பாத்துட்டு வந்து பேசுங்க."

அழைப்பென்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைத்தேன். லைன் லீடர் துரைசாமி அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டார். என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டார். அண்ணி காபி கொடுத்தார். அண்ணன் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். விளையாடிவிட்டு ஓடிவந்த செல்வி, அப்பா கையில் இருந்த டம்ளரைப் பிடுங்கி, மிச்சத் தண்ணீரை வாய் வைத்துக் குடித்துவிட்டு மறுபடியும் ஓடிப்போனாள். துரைசாமி அவள் போன வாசலையே பார்த்தார். சொல்லிக்கொடுத்துச் செய்ததோ என்று யோசித்திருப்பார். எனக்கே ஒரு கணம் அப்படித் தோன்றியது.

திங்கட்கிழமை அண்ணன் கம்பெனியில் மறுபடியும் தண்ணீர் குடித்தார். அவர் வைத்த டம்ளரை எடுத்து, துரைசாமி எல்லோரும் பார்க்க வாய் வைத்துக் குடித்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். அண்ணன் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்: "நெசமாவே நம்பிட்டானுங்களா, இல்ல எனக்காக நடிக்கிறானுங்களா?"

எல்லாவற்றுக்கும் மேலாக அவர் நம்பாதது தன் நோய் குணமானதைத்தான். ஒவ்வொரு வருஷமும் ஆஸ்பத்திரிக்குப் போனார். இனி வர வேண்டாம், நோய் போய்விட்டது என்று டாக்டர்கள் சொன்ன பிறகும் போனார். யார் விசாரித்தாலும், "பாத்துகினு கீறோம்" என்பதுதான் பதில். அண்ணி அம்மன் கோயிலில் பொங்கல் வைப்பதாக வேண்டியிருந்தார். குணமாகிவிட்டது என்று இவர் வாயால் சொன்ன பிறகுதான் வைப்பது என்று ஒரு பிடிவாதம். "ஒரே ஒரு தபா சொல்லேன்யா" என்று என் முன்னாலேயே கெஞ்சியிருக்கிறார். "சொன்னா அதுக்குக் காது கேக்கும் கஸ்தூரி. திரும்பி வந்துடும்" என்பார் இவர். வயலெல்லாம் கம்பெனியாகிவிட்டது, எங்கள் கம்பெனியையே மூடிவிட்டார்கள், நாங்கள் எல்லோரும் ஓய்வு பெற்றுவிட்டோம். பொங்கல் வைக்காமலே அண்ணி போய்ச் சேர்ந்தார். அதற்காக அண்ணன்மேல் எனக்கு இருந்த கோபத்தை இங்கே மறைக்கப் போவதில்லை.

இந்த முறை அண்ணனை நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். காரியம் முடிந்த பிறகு செல்வி எனக்கு ஒன்று சொன்னாள். சேர்க்கும்போது நர்ஸ் பழைய வியாதிகளைக் கேட்டாளாம். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்து, கான்சர் ஏதாவது என்று நிறுத்தியிருக்கிறாள். செல்வி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே சொல்லிவிட்டாராம்.

"இருந்துச்சும்மா. போயிடுச்சு."

நர்ஸ் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

நீ காதால் கேட்டாயா, அவர் தெளிவாகத்தான் இருந்தாரா என்று செல்வியைத் துருவினேன். கேட்டேன் அத்தை என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். என்னைத் தேற்றுவதற்காகக் கட்டிச் சொல்கிறாளோ என்று உள்ளே ஒரு குரல் கிளம்பியது. சாட்சிக்கு அந்த நர்ஸ் இருக்கிறாள். ஆஸ்பத்திரி என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். நான் போகவில்லை, போகப் போவதும் இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு சொல். அதைச் சோதிக்காமல் எடுத்துக்கொண்டேன்.