தும்மலில் தொட்ட ராணி

மட்டாஞ்சேரியில் எங்கள் செஸ் கிளப் ஒரு சுக்குக் குடோனுக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே மூட்டையைப் புரட்டினால் மேலே எல்லோரும் தும்முவோம். அதனால் வேறெங்கும் இல்லாத ஒரு விதி எங்களிடம் உண்டு: தும்மும்போது தொட்ட காயை நகர்த்த வேண்டியதில்லை. மற்றபடி தொட்டால் தொட்டதுதான்.

இடப்பள்ளிப் போட்டிக்குப் போகிற அணியில் ஒரே ஓர் இடம் பாக்கி. அதற்கு மோதியது நானும் என் வீட்டுக்காரரும். மனுஷர் ஜெயித்தே விட்டதாக நினைத்து, போட்டிக்கென்று புதுச் சட்டை வாங்கி, என்னிடமே இஸ்திரி போடக் கொடுத்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டையைத் தேய்த்துக் கொடுத்தேன். இடத்தை விட்டுக் கொடுப்பதாக இல்லை.

அவருக்கு வெள்ளை, எனக்குக் கறுப்பு. வழக்கம்போல ஸ்பானிஷ் முறையில் ஆட்டத்தை ஆரம்பித்தார். அவருடைய பிஷப்பை என் சிப்பாய்கள் ஒதுக்குப்புறமாக விரட்டின. நடுவில் குதிரைகள் வெட்டுப்பட்டதும் என் சிப்பாய் ஒன்று தனியாக நின்றது. ஆசை யாரை விட்டது! ராணியை எடுத்து அதைத் தட்டிவிட்டார். அப்புறம்தான் பார்த்தார்: என்னுடைய இன்னொரு சிப்பாய் வந்து ராணியை விரட்டும், பிறகு மேலும் ஓர் அடி வைத்து அந்த பிஷப்பை அடைத்துவிடும். முகம் செத்துப்போயிற்று.

"அச்!" என்றார். ராணியையும் என் சிப்பாயையும் பழைய இடத்திலேயே திரும்ப வைத்தார். "தும்மல்ல கை பட்டுடுச்சு."

"ஐயோ, பச்சைப் பொய்!" என்று கத்திவிட்டேன். கிளப் செயலாளர் ஓடி வந்தார். மலையாளி, எங்களோடு பேசிப் பேசித் தமிழ் கற்றவர்.

"சேச்சி, சேட்டன் தும்மினது ஞானும் கேட்டு. பொய்யின்னு எப்படிப் பறயும்?"

"சேட்டா, இந்த மூக்கோடதான் நான் இத்தன வருஷமா குடித்தனம் பண்றேன். இவர் நெஜமா தும்மினா பக்கத்து வீட்டுக் கொழந்த எழுந்து அழும். இது தும்மலா? பூனை இதவிட ஜோரா தும்மும்."

செயலாளர் அவரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார்.

"தொட்டது தொட்டதாணு" என்று தீர்ப்பு வந்தது. பிஷப் போனது, பின்னாலேயே ஆட்டமும். வீடு வரும்வரை அவர் எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தார். எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. இடத்தைத் திருப்பிக் கொடுக்கிற அளவுக்கு இல்லை.

இடப்பள்ளிக்கு அதே சட்டையைப் போட்டுக்கொண்டு, என் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். ஏசி அரங்கம். அவர் பின்வரிசையில் போய் உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்கி எல்லோரும் மூச்சுவிடாமல் யோசித்துக்கொண்டிருந்தோம். பின்வரிசையில் ஒரு தும்மல் வெடித்தது. என் எதிரே இருந்தவர் கையிலிருந்து குதிரை நழுவி உருண்டது. நடுவர் எழுந்தே விட்டார். எங்கள் செயலாளர் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இதுதான் சேட்டா, அசல்" என்றேன் பெருமையாக.