மூன்றாம் துளையில் மிதந்தது

மண் பரிசோதனைக் கூடத்தில் எல்லோரும் அவளை ‘மண்ணக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். சந்தேகப்பட்ட இடத்தில் துளை போட்டு மண் எடுப்பது, குழாய் இறக்கி நிலத்தடி நீரை எடுப்பது, கண்ணாடிப் புட்டியில் விளிம்புவரை நிரப்பி ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது, இதுதான் அவள் வேலை. புட்டிக்குள் ஒரு காற்றுக்குமிழி தெரிந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி பிடிப்பாள்.

ஒரு பெட்ரோல் பங்குக்குப் பின்தெருவில் இருந்த தையல்காரி புகார் கொடுத்திருந்தாள். கிணற்றுத் தண்ணீரில் வாடை. குளித்தால் உடம்பெல்லாம் எரிச்சல். மகளுக்கு ஓயாத தலைவலி. புகாரைப் படித்ததும் மண்ணக்கா அதிகாரியிடம் போனாள்.

“சார், அந்த பங்க்ல மேனேஜரா இருக்கிறது எங்க அக்கா வீட்டுக்காரர். வேற யாரையாவது அனுப்புங்க.”

“வேற யாரு இருக்கா? ஒருத்தி லீவுல, ஒருத்தன் கால உடைச்சுக்கிட்டான். நீங்களே போங்க.”

போனாள். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். “நம்ம டேங்க் எல்லாம் சும்மா இரும்பு மாதிரிம்மா.”

“இரும்புதானே மாமா. அதான் துருப்பிடிக்கும்” என்றாள். இருவரும் சிரித்தார்கள். அந்த வேலையில் அவள் சிரித்தது அதோடு சரி.

மேட்டுப்பக்கம் போட்ட முதல் துளையில் ஒன்றுமில்லை. டேங்குகளை ஒட்டிப் போட்ட இரண்டாவதில், ஆள் உயர ஆழத்தில் மண் கறுத்து வந்தது. வாடை தெரிய முகத்தருகே கொண்டுபோக வேண்டிய தேவையே இல்லை. மூன்றாவது துளை தையல்காரியின் மதிலோரம். அங்கே தண்ணீருக்கு மேல் இரண்டு விரற்கடை கனத்துக்குப் பெட்ரோலே மிதந்தது.

பங்கின் அளவு நோட்டைக் கேட்டு வாங்கினாள். தினமும் காலையில் டேங்குக்குள் கோல் விட்டு அளந்து எழுதும் நோட்டு. விற்றது போக இருக்கவேண்டிய அளவு பதினான்கு மாதமாக இருக்கவில்லை. ஒவ்வொரு வாரமும் பக்கத்தில் ‘ஆவியானது’ என்று மாமாவின் கையெழுத்து.

“முதலாளிகிட்ட மூணு தடவ சொன்னேன்” என்றார் மாமா, தரையைப் பார்த்தபடி. “வெயிலுக்கு ஆவியாகும், அப்படியே எழுதுன்னார். எழுதிட்டேன்.”

“லெட்டர் ஏதாவது குடுத்தீங்களா?”

“வாயாலதாம்மா சொன்னேன்.”

மறுநாள் விடிந்ததும் அக்கா வந்து நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“தண்ணி கெட்டுப்போச்சுன்னு எழுதுடி, யாரு வேணாங்குறா? அந்த நோட்ட எதுக்கு இழுக்குற?”

“நோட்டு இல்லன்னா எப்ப இருந்து கசியுதுன்னு தெரியாதுக்கா. அவங்க எத்தன மாசமா அந்தத் தண்ணியக் குடிச்சாங்கன்னு தெரியணும்ல.”

“கூடப் பொறந்தவள விட அந்தத் துணி தைக்கிறவ உனக்குப் பெருசாப் போயிட்டாளா?”

மண்ணக்கா கூடத்துக்குக் கிளம்பினாள். அறிக்கையில் நோட்டைச் சேர்த்தாள். மாமா வாயால் சொன்னதைச் சேர்க்கவில்லை. அளந்ததையும் கண்ணால் பார்த்ததையும் மட்டுமே எழுதுவது அவள் வழக்கம். அதை நேர்மை என்றே நினைத்திருந்தாள்.

விசாரணையில் முதலாளி கையை விரித்தார். “மேனேஜர் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே, நோட்டுல அவர் கையெழுத்துதானே இருக்கு?” மண்ணக்கா எழுந்து, மாமா மூன்று முறை சொன்னதாகத் தன்னிடம் கூறியதைச் சொன்னாள். விசாரணை அதிகாரி கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார்.

“நீங்க அவருக்குச் சொந்தம்தானே? அறிக்கையில இது இல்லையே.”

உட்கார்ந்துவிட்டாள்.

டேங்கைத் தோண்டி எடுத்தபோது அடியில் பட்டாணி அளவில் ஓர் ஓட்டை இருந்தது. அவ்வளவுதான். முதலாளி புது டேங்க் இறக்கி, புது வண்ணம் அடித்து, புது மேனேஜரை உட்கார வைத்தார். மாமாவின் வேலை போனது. கவனக்குறைவு என்று வழக்கும் வந்தது. இப்போது ஒரு கிடங்கு வாசலில் நின்று வண்டி எண் எழுதுகிறார். அக்கா அவளோடு பேசி இரண்டு வருடமாகிறது.

தையல்காரியாவது நல்லவிதமாக ஒரு சொல் சொல்வாள் என்று மண்ணக்கா உள்ளுக்குள் எதிர்பார்த்திருக்கலாம். கிணற்றை மூடி முத்திரை வைக்கப் போன அன்று அவள் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“வாடகைக்கு இருந்தவங்க காலி பண்ணிட்டாங்க. விக்கலாம்னா ஒருத்தரும் எட்டிப் பாக்கல. புள்ளைக்குத் தலைவலி இதனாலதானான்னு டாக்டரக் கேட்டா, இருக்கலாம்ங்கிறார். உங்க அறிக்கைய வெச்சு நான் என்னங்க பண்றது?”

மண்ணக்கா மூடிக்குச் சுற்றிலும் சிமெண்டைப் பூசி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தெருவுக்குப் போய் மூன்றாம் துளையிலிருந்து நீர் எடுத்து வருகிறாள். போன முறை அதில் பெட்ரோலின் அளவு கொஞ்சம் குறைந்திருந்தது. இப்படியே போனால் தண்ணீர் தெளிய இன்னும் பதினைந்து வருடம் ஆகும் என்று கூடத்தில் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அவள் ஓய்வுபெற இன்னும் ஆறு வருடம்தான் இருக்கிறது.