மதியத்து மின்சாரம்

ஜப்பானில் ஹியூகா ஊர் சூப்பர் மார்க்கெட்டில் குரோக்கெட் என்னும் உருளைக்கிழங்கு வடை பொரிக்கும் மசாயேவை விலை விஷயத்தில் ஏமாற்ற இன்னொருத்தி பிறந்துதான் வர வேண்டும். ஒரு முள்ளங்கி வாங்குவதாக இருந்தாலும் மூன்று கடைத் துண்டறிக்கைகளையும் பரப்பிவைத்துப் பார்த்துவிட்டுத்தான் பையை எடுப்பாள். தான் வேலை பார்க்கும் கடையில் முட்டை விலை அதிகம் என்றால், வேலை முடிந்ததும் சீருடையைக் கழற்றிவிட்டு எதிர்க்கடைக்குப் போகக் கொஞ்சமும் கூச்சப்பட மாட்டாள்.

ஆகவே, மின்சாரத்தை இனி யாரும் விற்கலாம், யாரிடமும் வாங்கலாம் என்று அரசாங்கம் கதவைத் திறந்துவிட்டபோது அந்தத் தெருவில் துள்ளிக் குதித்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்குத் தலை சுற்றியது. எரிவாயுக்காரன் மின்சாரம் விற்றான், கைபேசிக்காரன் விற்றான், ரயில்காரன்கூட விற்றான். புதுக் கம்பெனி படுத்துவிட்டால் வீடு இருண்டுபோகுமோ என்று பெண்கள் பயந்தார்கள்.

"கம்பி அதே கம்பிதான், மீட்டரும் அதே மீட்டர்தான். பில்லு அனுப்புற ஆளு மட்டும்தான் வேற. இதுல என்ன பயம்?" என்று மசாயே வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனாள்.

அவள் கண்டுபிடித்தது ஒரு சின்னக் கம்பெனி. மின்சாரச் சந்தையில் அரை மணிக்கு ஒரு முறை விலை மாறும். அந்த விலையையே அப்படியே வாங்கிக்கொள்வார்கள், மேலே தங்கள் கூலி கொஞ்சம். தெருவில் முக்கால்வாசிப் பேரை அதற்கு மாற்றிவிட்டாள். கடைசியாக மாறியவர் எதிர்வீட்டுக் குரோகி சான். அந்த அம்மா வாழ்க்கையில் பற்பசையைக்கூட மாற்றியவரில்லை. கணவர் போனபின் தனியாக இருந்தவர். மசாயே புதுப்பெண்ணாக இந்தத் தெருவுக்கு வந்தபோது எந்தக் கிழமையில் எந்தக் குப்பையைப் போடுவது என்பதிலிருந்து, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எந்த டாக்டரிடம் ஓடுவது என்பதுவரை சொல்லிக்கொடுத்தவர். மசாயேவுக்கு அந்த ஊரில் அம்மா, அக்கா எல்லாம் அவர்தான்.

"நீங்க சொல்றதால மாறுறேன், மசாயே சான். எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாது" என்று சொல்லித்தான் ஒப்பந்தத்தில் தன் பெயர் முத்திரையைக் குத்தினார்.

முதல் வருடம் எல்லார் வீட்டிலும் பில் குறைந்தது. மசாயேவைக் கையில் பிடிக்க முடியவில்லை. அடுத்த குளிர்காலத்தில் நாடு முழுக்கப் பனி கொட்டியது. மின் நிலையங்களுக்கு எரிவாயுத் தட்டுப்பாடு, வெயில் இல்லை, சந்தையில் விலை கண்மண் தெரியாமல் ஏறியது. வழக்கத்தைப் போல மூன்று மடங்கு, நான்கு மடங்கு பில் வந்து விழுந்தது. குரோகி சான் குளிர்காயும் மின்சாரக் கணப்பு மேசையை அணைத்துவிட்டு, வீட்டுக்குள் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருமல் மார்ச் மாதம்வரை நிற்கவில்லை.

மசாயே இனிப்புப் பெட்டிகளை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு வாசலிலும் போய் இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். மற்றவர்கள் "விடுங்க, உங்களுக்கும் அதே பில்லுதானே வந்துச்சு" என்றார்கள். குரோகி சானும் பெட்டியை வாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார்:

"இனிமே என் வீட்டுக் கரண்டைப் பத்தி நீங்க பேச வேண்டாம்."

அவ்வளவுதான். தெருவே பழைய கம்பெனிக்குத் திரும்பியது. அதற்குப்பின் எதிரே பார்த்தால் குரோகி சான் தலையை ஆட்டுவார், மழை வரும்போல இருக்கிறது என்பார், உள்ளே போய்விடுவார். வேலிக்கு மேலாக வரும் ஊறுகாய்க் கிண்ணம் நின்றுபோனது. பில் கட்டியது மசாயேவுக்கு வலிக்கவில்லை. இந்தத் தலையாட்டல்தான் அவளைத் தின்றது.

வருடங்கள் ஓடின. பழைய கம்பெனியும் சும்மா இருக்கவில்லை, ஒவ்வொரு வருடமும் ஏற்றிக்கொண்டே போனது. மசாயேவின் கை துறுதுறுத்தாலும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வசந்த காலத்தில் டிவியில் ஒரு செய்தி. தங்கள் கியூஷூ தீவு முழுவதும் வெயில் மின்சாரத் தகடுகள் பெருத்துவிட்டன, நடுப்பகலில் வாங்க ஆளில்லை, தகடுகளை அணைத்து வைக்கச் சொல்கிறார்கள். சந்தையில் மதிய விலை கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

சோற்றுக் குச்சியைக் கீழே வைத்துவிட்டாள். இது அவளுக்குத் தெரிந்த விஷயம். சாயங்காலம் மீந்துபோன குரோக்கெட்டில் பாதி விலைச் சீட்டு ஒட்டுகிறவளே அவள்தானே!

"ஏங்க, நம்ம வெந்நீர்த் தொட்டி எத்தனை மணிக்குக் காயுது?"

படகு எஞ்சின் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற கணவன் இவாவோ ஷோச்சு மதுவை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னான்: "ராத்திரி மூணு மணிக்கு. எல்லா வீட்டுலயும் அப்படித்தான். ராத்திரி கரண்டுதான் மலிவு."

"அது யாரு காலத்துல மலிவு? தெருவே கண்ண மூடிட்டு ராத்திரியில காய்ச்சுது, விடியறதுக்கு முன்னாடி துவைக்குது. மத்தியானம் சும்மா குடுக்குறான், வாங்க ஒருத்தரும் இல்ல!"

"மறுபடியுமா? உனக்கு இன்னும் புத்தி வரலையா?"

புத்தி வந்துதான் இருந்தது. இந்தத் தடவை துண்டறிக்கையில் கொட்டை எழுத்தில் போட்டதை அவள் பார்க்கவே இல்லை. சந்தை விலைக்கு விற்கும் கம்பெனிகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டாள். எல்லாரிடமும் ஒரே கேள்வி.

"எங்ககிட்ட மாறுனா மாசம் நல்லா மிச்சமாகும், மேடம்..."

"மிச்சத்த விடுங்க தம்பி. ரொம்ப மோசமான நாள்ல, ரொம்ப மோசமான அரை மணி நேரத்துல, யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குவீங்க? அதச் சொல்லுங்க."

ஒருவன் மேலதிகாரியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தான், வைத்தவன்தான். ஒருத்தி அப்படியெல்லாம் நடக்காது என்று சிரித்தாள். "எனக்கு நடந்துச்சும்மா" என்று இவள் வைத்துவிட்டாள். கடைசியாக ஒரு கம்பெனிக்காரன் பிசிறில்லாமல் பதில் சொன்னான்: சந்தை எவ்வளவு ஏறினாலும் இந்த உச்சத்துக்கு மேல் வாங்க மாட்டோம், ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. அந்த வரியை அனுப்பச் சொல்லி இரண்டு தரம் படித்தாள். பிறகு தன் வீட்டை மட்டும் மாற்றினாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

முதல் நாளே கூத்துதான். கடையில் அவளுக்குச் சாயங்கால முறை, மதியம் வீட்டில்தான் இருப்பாள். தொட்டி, துவைக்கும் இயந்திரம், ரைஸ் குக்கர் எல்லாவற்றையும் மதியத்தில் சேர்த்துப் போட்டாள். அவர்கள் வீட்டு ஒப்பந்தமோ குறைந்த ஆம்பியர். இவாவோ மீன் சூடுபண்ண மைக்ரோவேவைத் தட்டியதும் மெயின் சுவிட்ச் விழுந்து வீடே அடங்கிப்போனது.

"போடறதுக்கு முன்னாடி கத்த மாட்டீங்களா?"

"என் வீட்டுல மீன் சூடு பண்ண நான் மைக்கு வெச்சா சொல்லணும்?"

அன்றுமுதல் அந்த வீட்டில் "குக்கர் போடுறேன்!", "சரி, தொட்டி நின்னாச்சு, போடு!" என்று துறைமுகம்போலக் குரல் பறந்தது. முணுமுணுத்தபடியே இவாவோவுக்கு அது பிடித்துப்போனது.

அவமானம் வேறு இடத்தில் வந்தது. அந்தத் தெருவில் காலை ஏழு மணிக்குள் கொடிக்கம்பில் துணி ஏறாத வீட்டுக்காரி சோம்பேறி. மசாயேவின் துணி மதியம் ஒரு மணிக்கு ஏறியது. ஹியூகா வெயிலில் அது சாயங்காலத்துக்குள் மொறமொறவென்று காய்ந்தும்விட்டது. ஆனாலும் ஜன்னல்கள் பேசின. "மசாயே சானுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ?" என்று அவள் காதில் விழும்படியே கேட்டார்கள். எதிர்வீட்டு மாடியிலிருந்து குரோகி சான் அந்த ஈரத் துணிகளைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மசாயேவின் நாக்கு அரித்தது. பேச வேண்டாம் என்றவரிடம் எப்படிப் பேசுவது? கடித்துக்கொண்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் மறுபடியும் பனி கொட்டியது. சந்தை விலை பாய்ந்து ஏறியதை டிவியில் பார்த்ததும் மசாயே அந்த ஒப்பந்த வரியை எடுத்து மறுபடி படித்தாள். சாயங்கால நேரத்தில் பிளக்கைப் பிடுங்கக்கூடியதையெல்லாம் பிடுங்கிப் போட்டாள். பில் வந்தது. உச்சத்தில் முட்டி நின்றிருந்தது விலை, எழுதிக்கொடுத்த வரிக்கு ஒரு யென்கூட மேலே போகவில்லை. அந்த மோசமான மாதத்தைச் சேர்த்துக்கொண்டாலும், வருடக் கணக்கில் பழைய கம்பெனியைவிடத் தெளிவாகக் குறைவு. அவள் சமையலறையில் தனியாக இரண்டு கையையும் தூக்கி "ஜெயிச்சுட்டேன்!" என்று கத்தினாள். குக்கர் போடத்தான் கத்துகிறாளோ என்று இவாவோ எழுந்து வந்தான்.

அவள் வாயை மூடி என்ன பயன்? இவாவோவின் வாய் ஷோச்சுவுக்கு முன்னால் நிற்குமா? சாக்கடை சுத்தம் செய்யும் ஞாயிற்றுக்கிழமை, தெருவே ரப்பர் பூட்சும் மண்வெட்டியுமாக நிற்க, பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். குரோகி சான் சற்றுத் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு சேறு வாரிக்கொண்டிருந்தார்.

"எங்களயும் மாத்தி விடுங்க, மசாயே சான்!" என்றாள் மூலைவீட்டு யுஃபு.

பழைய மசாயேவாக இருந்தால் அங்கேயே வேலையை முடித்திருப்பாள்.

"வேண்டாம். நீங்களும் உங்க வீட்டுக்காரரும் வேலைக்குப் போறீங்க. மத்தியானம் வீட்டுல யாரு இருக்கா? சாயங்காலம் வந்து எல்லாத்தையும் ஒண்ணா போடுவீங்க. விலை உச்சியில இருக்குற நேரம் அது. உங்களுக்குப் பழைய கம்பெனிதான் நல்லது."

"அப்போ எங்களுக்கு?" என்றாள் இன்னொருத்தி.

"உங்க வீட்டுல வெந்நீருக்கு எரிவாயு. மாத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல."

மூன்றாவது ஒருத்தி வாயைத் திறக்கும்போதே, "மாசாமாசம் ஒரே மாதிரி பில்லு வந்தாத்தானே உங்களுக்குத் தூக்கம் வரும்? வேண்டாம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் மண்வெட்டிச் சத்தம் நின்றது.

குரோகி சான் நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். தெருவே கேட்கும்படி கேட்டார்:

"நான் பகல் பூரா வீட்டுலதான் இருக்கேன். தொட்டியும் கரண்டுதான். எனக்கு?"

மசாயே மண்வெட்டியைக் கீழே வைத்தாள். "நீங்க... உங்க வீட்டுக் கரண்டைப் பத்திப் பேச வேண்டாம்னு..."

"மூணு பேருக்கு வேண்டாம்னு சொன்ன வாய் எனக்கு வேணும்னு சொன்னா நம்பலாம். சொல்லுங்க."

"வேணும், குரோகி சான்" என்றாள் மசாயே. கண்ணீர் கன்னத்தில் வழிந்தது, துடைக்கப் போய் முகமெல்லாம் சேறு ஆனது, அவள் அதைப் பொருட்படுத்தவே இல்லை.

"அப்போ முகத்தக் கழுவிட்டு உள்ள வாங்க" என்றார் குரோகி சான். "அந்தத் தொட்டிய மத்தியானத்துக்கு மாத்தறது எப்படின்னு எனக்குத் தெரியாது."