ஹாலுக்கு விட்ட வாட்டம்

பதினோரு வருடம் மஸ்கட்டில் இருந்துவிட்டு என் வீட்டுக்காரர் ஒரேயடியாகப் பூதலூருக்குத் திரும்பி வந்த முதல் நாள், "ஒன் வீட்டுல டம்ளர எங்க வச்சிருக்க?" என்று கேட்டார். அவர் பணம் அனுப்ப, நான் நின்று கட்டிய வீடு. ஒரு மாதம் ஆகியும் அந்த 'ஒன் வீடு' மாறவில்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அதனால்தான், ஹால் சுவரில் மரச்சட்டம் அடித்துத் தானே அழகு பண்ணப்போவதாக அவர் போனில் படம் காட்டியபோது, தச்சரைக் கூப்பிடலாம் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

சட்டங்களைக் குறுக்காக, ஒன்றன்மேல் ஒன்றாக அடிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் தரையிலிருந்து டேப் பிடித்து அளந்தார். எட்டாவது சட்டம் ஏறியதும் தள்ளி நின்று பார்த்தார். எல்லாம் வாசல் பக்கம் சரிந்து கிடந்தன.

"தரைய எவன் போட்டான்? கண்ணு தெரியாதவனா?"

எனக்குச் சுருக்கென்றது. "நான்தாங்க போடச் சொன்னேன். பழைய வீட்டுக்குள்ள வாய்க்கா தண்ணி பூந்து மூணு நாள் நின்னுச்சு. அதான் தண்ணி வெளிய ஓடுற மாதிரி வாட்டம் விட்டே ஆவணும்னு கொத்தனார்கிட்ட சண்ட போட்டேன். அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

அந்தக் கடைசிக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது.

அவர் ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றிச் சட்டங்களை அடுக்கி வைத்தார். ஊருக்குப் புறப்படப் பெட்டி கட்டுகிறவர் மாதிரி இருந்தது. மறுபடி கிளம்பிவிடுவாரோ என்று நிஜமாகவே பயந்தேன்.

அவர் எழுந்துபோய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து மூலையில் ஊற்றினார். அது எங்கும் தேங்காமல் ஹாலைக் கடந்து, வாசலோரத் துளை வழியாக வெளியே போனது. மடை திறந்துவிட்டு வரப்பில் நிற்பதைப் போல நின்று பார்த்தார்.

"நல்லாத்தான் போட்டிருக்க."

பிறகு வயலில் வரிசை நடவுக்குப் பிடிக்கும் கயிற்றை எடுத்துவந்து ஒரு முனையை என்னிடம் நீட்டினார். "எங்கேருந்து ஆரம்பிக்கணும்னு நீ சொல்லு."

"மேல, சீலிங்லேருந்து அளங்க."

சட்டங்கள் இப்போது நேராக இருக்கின்றன. அடிச்சட்டத்துக்குக் கீழே மட்டும் ஒரு பக்கம் மூன்று விரல் இடைவெளி, வாசல் பக்கம் ஐந்து. வருகிறவர்கள் கண் அங்கேதான் போகிறது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொள்கிறார்.

"அது சட்டத்துல கோணல் இல்லங்க. எங்க வீட்டுத் தரைக்கு வாட்டம் விட்டிருக்கோம்."