இடது பக்கத்துப் பூக்கள்

ஐம்பதுகளின் நடுவில், எனக்குப் பத்தொன்பது வயதாக இருக்கும்போது, மாமி ஒரு பழைய இந்திய ஜிப்பாவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். மாமி வாப்பாவின் தங்கை. வாத்தியார் வேலை பார்த்த அவருடைய மகனுக்குத்தான் என்னைப் பேசியிருந்தார்கள். அந்த ஜிப்பாவின் கழுத்திலும் நெஞ்சின் இரண்டு பக்கங்களிலும் வெள்ளைத் துணியில் வெள்ளை நூலாலேயே கொடியும் பூவும் ஓடின.

"கலியாணத்துக்கு மாப்பிள்ளைக்கு இப்பிடி ஒண்டு உன்ட கையால தைச்சுக் குடு மகள்" என்றார்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மருதமுனையில் எங்கள் தறியில் நெய்த துணி இதற்குத் தடிப்பு என்று வாப்பா கல்முனைக்குப் போய் மெல்லிய மல் துணி எடுத்து வந்தார். பழைய ஜிப்பாவைப் புறம் திருப்பிப் பார்த்துத்தான் தையலைப் பிடித்தேன். துணியின் பின்பக்கம் நூலைக் குறுக்கும் மறுக்குமாக ஓட்டினால் முன்பக்கம் இலை நிழல்போலத் தெரியும். பூவின் நடுவுக்கு ஊசியில் நூலைச் சுற்றிச் சின்ன முடிச்சு. உடுப்புக்கு நீலம் போடுகிறோமே, அதையே கரைத்து ஈர்க்கால் கோலம் வரைந்துகொண்டேன். கழுவினால் போய்விடும்.

வலது பக்கம் முடிய இரண்டு மாதம். இடது பக்கம் தொடங்கியபோது கோடுகள் மங்கலாக இருந்தன. நீலம் போதவில்லை என்று நினைத்து மேலும் கரைத்தேன். உம்மா பார்த்துவிட்டு, "என்னத்துக்குப் புள்ள இவ்வளவு தடிப்பாக் கீறி வச்சிருக்காய்?" என்று கேட்டார். மங்கியது கோடில்லை, என் கண் என்று அப்போதுதான் தெரிந்தது.

வாப்பா என்னை டொக்டரிடம் கூட்டிப் போனார். கண்ணுக்குள் நரம்பு பழுதாகிறது, மருந்தில்லை, பார்வை மெதுவாகப் போய்விடும் என்றார் அவர். வீட்டுக்கு வந்ததும் உம்மா, "கலியாணம் முடியுமட்டும் இதப்பத்தி ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது" என்றார். தங்கச்சி ஒவ்வொரு காலையிலும் பத்துப் பன்னிரண்டு ஊசிகளில் நூல் கோர்த்து வைத்துவிட்டுப் போவாள். விரலால் தடவித் தடவி மீதியைத் தைத்தேன்.

கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது மாமி வந்தார். ஜிப்பாவை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் இடது பக்கத்துப் பூக்களை விரலால் தடவினார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மகள், இந்த ஊசிய ஒருக்காக் கோர்த்துத் தா."

நூலை எச்சிலில் நனைத்துத் திரித்தேன். குத்தினேன். மறுபடியும் குத்தினேன். உம்மா குறுக்கே வந்து, "குடு புள்ள, நான் கோர்க்கிறன்" என்றார். மாமி விடவில்லை. விரலில் ஊசி ஏறியதும் நான் கையைத் தாழ்த்திவிட்டேன். மாமி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். ஆனாலும் போகும்போது நாள் குறித்ததை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

நான்கு மாதம் கழித்து அதே மாப்பிள்ளைக்குத் தங்கச்சியைக் கேட்டார்கள். வாப்பா சம்மதித்தார். இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் தங்கச்சியின் மகள்; அவளுக்கு இந்த இடம் பிடிக்காது. இருந்தும் சொல்கிறேன்.

"ராத்தா, நான் மாட்டன் எண்டு சொல்லட்டா?" என்று தங்கச்சி கேட்டாள்.

"சொல்லாத. எனக்கு ஒண்டும் இல்ல" என்றேன். சொல்லு, சொல்லு என்றுதான் உள்ளே கத்திக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான்; மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். எனக்கென்று கட்டிய வீடு அவளுக்குப் போனது. இடது பக்கத்துப் பூக்களைப் பிரித்து அவளே மறுபடி தைத்தாள். வெள்ளைச் சாரத்துக்கு மேலே, சங்கிலி கோர்த்த பொத்தான்களோடு மாப்பிள்ளை அந்த ஜிப்பாவில் நல்ல வடிவாக இருந்தார் என்று வந்த பெண்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஒரு வெள்ளை உருவம் படியேறுவது மட்டும் தெரிந்தது.

பிறகு அதே வீட்டின் பின்னறையில் நான் இருந்தேன். பெருநாளுக்குப் பெருநாள் அவர் அந்த ஜிப்பாவை உடுத்தார். அதைக் கழுவும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். முறுக்கிப் பிழியாமல், மெல்லிய கஞ்சியில் போட்டு, உள்பக்கம் வெளியே தெரிய நிழலில் காயவிடுவேன். துவாயை மடித்து அதன்மேல் பூக்களைக் கவிழ்த்து, பின்பக்கமாக ஸ்திரிக்கை போட்டால்தான் முடிச்சுகள் நசியாமல் நிற்கும். அப்போது என் கண்ணுக்கு ஓரளவு நிழல் தெரிந்தது. அடுத்த வருடம் அதுவும் இல்லை.

ஒரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள், ஸ்திரிக்கைப் பெட்டியின் சூட்டைத் தண்ணீர் தெளித்துத்தான் சோதித்தேன். சரியாக இருந்தது போலத்தான் பட்டது. துணி கருகும் மணம் வந்தபோது எந்த இடம் என்று எனக்குத் தெரியவில்லை. கையால் தேடினேன்.

தங்கச்சி ஓடி வந்தாள். ஏசவில்லை. அவரும் ஒன்றும் கேட்கவில்லை. "அது பழசுதானே" என்று மட்டும் முற்றத்தில் நின்று சொன்னார். ஒருவராவது ஏசியிருக்கலாம்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் என் கையில் ஒரு வேலையும் தரவில்லை. நேரத்துக்குச் சோறு வந்தது. மற்றபடி விடிவதும் பொழுதுபடுவதும் பாங்குச் சத்தத்தில் மட்டும்தான்.