எலிசொந்தோ: கோயிலடியில் ஒரு புதுவீடு

ஊர்ப்பெயருக்கு விளக்கம் எழுதுகிற தொழிலில் ஒரு வசதி உண்டு: எவ்வளவு பிழையாக எழுதினாலும் பெயர் வைத்தவர் எழும்பி வந்து சண்டை பிடிக்க மாட்டார். அங்கே பிறந்தவர்கள்தான் வருவார்கள்.

யாழ்ப்பாணத்துத் தினசரி ஒன்றில் பழகிய கை என்னுடையது. இப்போது மொன்றியலில் ஓர் இலவசப் பத்திரிகைக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ‘ஊரும் பேரும்’ எழுதுகிறேன். தமிழ்க்கடையில் மரக்கறியோடு சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு போகிற பத்திரிகை. விளம்பரம் வராத அரைப்பக்கத்தை நிரப்பச் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால், மேற்கொண்டு வாசிக்க ஆறுதலாக இருக்கும்.

கழற்ற முதல்

யோகன் மட்டக்களப்புக்காரர். டவுன்டவுனில் ஒரு பாஸ்க் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவத் தொடங்கி, தலைமைச் சமையல்காரராக வந்தவர். முதலாளி மிக்கேலுக்கு முழங்கால் ஏலாமல் போனதால் கடை யோகனின் கைக்கு மாறவிருந்தது. வாசலில் ‘எச்செபெர்ரி’ என்று பெயர்ப்பலகை. யோகனின் மச்சான் ரவி, அதைக் கழற்றிவிட்டு சொந்த ஊரின் ‘மட்டுநகர்’ என்ற பெயரைப் போடுவதற்கு ஆளையே பிடித்துவிட்டார். அடுத்த மாதக் கடைசித் திங்கட்கிழமை ஏணியோடு வருவான். மிக்கேலைக் கேட்டால், கடை உன்னுடையது, பலகையும் உன்னுடையது என்கிறாராம். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிடுவாராம்.

இருபது வருடம் உள்ளே நின்று சமைத்த மனிதருக்கு வாசலில் இருந்த பெயரின் பொருள் தெரியாது. வைத்திருக்கத் தனக்கு உரிமை இருக்கிறதா, எடுத்தால் கிழவரின் மனம் நோகுமா என்ற இரண்டு கேள்விகளோடும் என்னிடம் வந்தார். “அண்ணன், அந்தாள்ர ஊரைப் பற்றி ஒருக்கா எழுதுங்க. என்னெண்டு தெரியாமப் பேரைக் கழட்டினா அது பாவம்.”

ஆறு கொண்டுபோன தேவாலயம்

சமையலறைக்கே போனேன். யோகன் உப்பிட்ட கொட் மீனைத் தண்ணீர் மாற்றி ஊறவைத்துக்கொண்டே மிக்கேலின் பிரெஞ்சை எனக்குத் தமிழாக்கினார். மிக்கேலின் ஊர் எலிசொந்தோ. பிரான்சும் ஸ்பெயினும் முட்டிக்கொள்ளும் மலைப்பக்கத்தில், பாஸ்க் மக்கள் வாழும் பஸ்தான் பள்ளத்தாக்கில், ஆற்றங்கரையில் இருக்கிறது. பாஸ்க் மொழியில் ‘எலிசா’ என்றால் தேவாலயம். ‘ஒந்தோ’ என்றால் பக்கம். நாங்கள் ஆலடி, புளியடி, கோயிலடி என்று சொல்லுகிற அதே ஒழுங்கு. எலிசொந்தோ என்றால் கோயிலடி, அகராதியே தேவைப்படவில்லை.

ஆனால் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த வெள்ளம் அந்தத் தேவாலயத்தை அழித்துவிட்டது. புதியதை வேறிடத்தில் கட்டினார்கள். பெயருக்குக் காரணமான இடம் வெறுமையாகிவிட்டதே, அப்போதாவது பெயரை மாற்ற யோசிக்கவில்லையா என்று கேட்டேன். சுட்ட மிளகாயின் தோலை உரித்தபடி மிக்கேல் சொன்னார்: “எதற்கு? தேவாலயத்தைத் தேடி வருகிறவனுக்குக் இன்னும் கொஞ்சத் தூரம் நடக்கவேண்டியிருக்கும், அவ்வளவுதான்.”

கொடியேற்றம்

தலைப்பில் ‘கோயிலடி’ என்று பெரிய எழுத்தில் போட்டது என் பிழை. பத்திரிகை வந்த அன்றே மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் இருந்து ஓர் அம்மா தொலைபேசியில் வந்தார். கோடையில் ஐரோப்பா போகிறாராம். அந்தக் கோயிலில் கொடியேற்றம் எப்போது என்று தெரியவேண்டுமாம். அது சந்தியாகப்பர் தேவாலயம் என்று விளக்கினேன். கட்டுரையின் இரண்டாம் பந்தியில் எழுதியிருக்கிறேனே என்றும் சொல்லிப் பார்த்தேன். தலைப்போடு நிறுத்தியவருக்கு இரண்டாம் பந்தியைப் பற்றிச் சொல்லி என்ன பயன்? அவரே கேட்டார்: “அதுக்கென்ன அண்ணை, கும்பிடுற இடந்தானே. மச்சம் மாமிசம் சாப்பிட்டிட்டுப் போகலாமோ?”

எல்லோரும் பெரிய ஆட்கள்

அடுத்த இதழில், பஸ்தான் பள்ளத்தாக்கு முழுவதற்கும் முன்னொரு காலத்தில் பிரபுப் பட்டம் இருந்ததை எழுதினேன். ஒரு குடும்பத்துக்கு இல்லை. அந்த மண்ணுக்கே உரியவர் என்றால் ஆடு மேய்ப்பவரும் பிரபுதான். சதுரங்கப் பலகை மாதிரி ஒரு சின்னத்தை வீட்டு முகப்பில் பதித்துக்கொள்ளலாம்.

இதை வாசித்துவிட்டு மச்சான் ரவி என்னைப் பிடித்துக்கொண்டார். புவாண்ட்-கிளேரில் களஞ்சிய வேலை முடித்து நேரே வந்திருந்தார். யோகனின் மனதை நான் கலைக்கிறேன் என்பது அவருடைய குற்றச்சாட்டு. வேறொருவரின் பெயருக்குக் கீழே நின்று யோகன் இன்னும் எத்தனை காலம் சமைப்பது என்று கேட்டார். நியாயமான கேள்வி. போகும்போது வாசலில் திரும்பி நின்றார். “எல்லாரும் பிரபு எண்டா, அங்க சட்டி கழுவினது ஆரு?”

புதுவீடு

ரவியின் முதல் கேள்விக்கான பதிலை மூன்றாவது இதழில் எழுதினேன். அது என்னுடையதும் இல்லை. பாஸ்க் நாட்டுப் பழைய வழக்கம். அங்கே வீட்டுக்குப் பெயர் உண்டு. வீட்டுக்காரர் பெயர் வீட்டுக்குப் போவதில்லை, வீட்டின் பெயர்தான் மனிதருக்கு வரும். விலகிப்போனவர் பெயரை விட்டுப் போவார். புதிதாக வந்து அடுப்பு மூட்டுகிறவரை ஊர் அந்தப் பெயரால் கூப்பிடும். ‘எச்செபெர்ரி’ என்றால் புதுவீடு. மிக்கேல் பிறந்த வீட்டின் பெயர் அது, கூரை பள்ளம் விழுந்த கிழட்டு வீடு. இன்றைக்கும் பெயர் புதுவீடுதான்.

யோகன் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, திங்கட்கிழமை ஏணிக்காரனை வரவேண்டாம் என்றார். ரவி ஒரு கிழமை கதைக்கவில்லை. ஆனாலும் யோகனுக்குப் பயம் தீரவில்லை. வழக்கம் பத்திரிகையில் இருக்கிறது, கிழவரின் மனதில் என்ன இருக்கிறது?

கடை கைமாறிய பிறகு ஒரு மத்தியானம் நான் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த மேசையில் மிக்கேல், முதன்முறையாக வாடிக்கையாளராக. மீன் கொண்டுவருகிற கியூபெக் பிரெஞ்சுக்காரன் பெட்டியோடு நுழைந்தான். வழக்கம்போல அவரைப் பார்த்து, “பொன்ஜூர், முசியு எச்செபெர்ரி” என்று வணக்கம் சொன்னான். கைதுடைத்தபடி வெளியே வந்த யோகன் கதவடியில் அப்படியே நின்றுவிட்டார். மிக்கேல் தலை நிமிரவில்லை. கரண்டியால் யோகனைக் காட்டினார்.

“எச்செபெர்ரி அங்கே நிற்கிறார். நான் சாப்பிட வந்த மிக்கேல்.”

இத்தனை பெயர்களுக்கு மூலம் தேடிக் கொடுத்த என்னை மொன்றியல் தமிழர்கள் இன்றுவரை ‘பேப்பர்க்கார அண்ணை’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பாஸ்க் வழக்கப்படி அதில் பிழை சொல்ல எனக்கு வழியில்லை.